பொதுக்கடனும் கொடையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் சூட்டுவார் உண்டு. பாலார்பட்டி மக்கள் தைப்பொங்கலில் அவரை நினைத்துப் பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்பில் 2013ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீரைக் கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாற்று அணையை, 1895இல் முடித்துத் தந்த பொறியாளர் அவர். வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றபோது அரசாங்கம் பணம் தர மறுத்ததாகவும், அவர் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்று வேலையை முடித்ததாகவும் மக்கள் சொல்வர். அதற்கு ஆவணச் சான்று இல்லை என்று கூறும் ஆய்வாளரும் உளர்.

அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தக் கதையை நாம் சொல்லும் முறையே இங்கு ஆராயத்தக்கது. அரசு கைவிட்டது, ஒரு தனிமனிதர் கைகொடுத்தார். இதில் பின்பாதியைப் போற்றிப் போற்றி முன்பாதியை மறந்துவிடுகிறோம். பொதுநிதி தன் கையைச் சுருக்கும்போது நல்லவர் ஒருவர் அந்த இடத்தை நிரப்பினால், பொதுநிதியின் கடன் தீர்ந்துவிடுமா? இதுவே கேள்வி.

நம் முன்னோர் இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், ஆட்சி முறை பற்றிய தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில், ஊரின் குடிநீர் கெட்டுப்போனால், மதில் இடிந்தால், வழிப்போக்கர் உதவியின்றித் தவித்தால் அச்செலவு யாரைச் சார்ந்தது என்று ஆராய்கிறார்கள். பைத்துல்மாலில் பணம் இருக்குமானால் அச்சுமையை மக்கள்மீது ஏற்றலாகாது. பைத்துல்மால் வறண்டிருக்குமானால் அக்கடமை ஊரிலுள்ள வசதி படைத்தோர் அனைவரையும் சாரும். அவர்களுள் எவரையும் தனியே சுட்டி அவர் தலையில் மட்டும் கட்டுவதற்கில்லை. இதுவே அங்குக் காணப்படும் கருத்தின் சாரம்.

இதில் அடங்கியுள்ள ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில், பணம் இருக்கிறதா என்னும் கேள்வி. அதன்பின்பே கொடையாளியின் பங்கு. ‘இல்லை’ என்பதும் ‘தருவதற்கில்லை’ என்பதும் ஒன்றல்ல. பொதுநிதி உண்மையிலேயே வறண்டதா, வேறு திசையில் திரும்பியதா என்று கேட்காமல் நாமே உண்டியல் குலுக்கத் தொடங்குவது அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதாகும்.

நம் மாவட்டமே இதற்குச் சான்று தரும். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதையாக மாற்றுவதற்கென்று 2010ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்த நாள் 2022 மே 26. போடிக்கு வந்த நாள் 2023 ஜூன் 15. ரயில் நின்றபின் வந்த கல்வியாண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரயில் போடிக்குத் திரும்பியபோது பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தது. சுமார் 90 கிலோமீட்டர்ப் பாதைக்கு இத்தனை காலம் ஆனதற்கு, ஆண்டுதோறும் ஒதுக்கிய தொகை வேலைக்குப் போதாமையே பெருங்காரணம்.

‘இந்த ரயிலை வெட்டிவிட்டோம்’ என்று எவரும் அறிவிக்கவில்லை. ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்றே சொல்லப்பட்டது. பெயர் சொல்லாமல் செய்யப்படும் சிக்கனம் ஒத்திவைத்தல் என்னும் வேடத்தில் வரும். கார் வைத்திருந்தோர் அந்த ஆண்டுகளில் எதையும் இழக்கவில்லை. மதுரைக்கு மருத்துவத்திற்குச் சென்ற கூலித் தொழிலாளியும், சந்தைக்கு மூட்டை சுமந்து சென்ற சிறு வியாபாரியும் ரயில் கட்டணத்தினும் கூடிய பேருந்துக் கட்டணத்தை ஒவ்வொரு பயணத்திலும் செலுத்தினர். அரசின் ஏட்டில் மிச்சமான தொகை ஏழையின் மடியிலிருந்து சென்றது.

நம் வீடுகளைத் தொட்ட செய்தி இன்னொன்று. சிறுபான்மை மாணவர்க்கு மத்திய அரசு வழங்கிவந்த உதவித்தொகை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2022இல் நிறுத்தப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்விக்குச் சட்டம் இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். அடுத்து வந்த 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் சிறுபான்மையினர் நல அமைச்சகத்திற்கான ஒதுக்கீடு, முந்தைய ஆண்டின் 5,020 கோடி ரூபாயிலிருந்து 3,097 கோடியாகக் குறைந்தது. தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். ஆயினும் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகாது. அன்றாடக் கூலியில் வாழும் தாய்க்கு அது சிறு தொகையும் அன்று.

அந்த ஆயிரம் ரூபாயை ஜமாஅத் தரலாமே என்பர் சிலர். தரலாம், தரவும் வேண்டும். பசித்த பிள்ளையை நிறுத்திவைத்து நியாயம் பேசுவது அறமாகாது. எனினும், அரசிடமிருந்து பெற்றபோது அப்பிள்ளை உரிமையுடையவன். தன் பெயரைப் பட்டியலில் தேடி, இல்லையெனில் ஏன் இல்லை என்று கேட்கலாம். செல்வரிடமிருந்து பெறும்போது அவன் நன்றிக்கடன் பட்டவன். அடுத்த ஆண்டு கிடைக்கவில்லையென்றால் கேட்க அவனுக்கு வாயில்லை. பணம் அதேதான், அவன் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. சூரத்துந் நஹ்லின் 90ஆம் வசனம் அத்லை, அதாவது நீதியை, முதலிலும் இஹ்ஸானை, அதாவது நன்மை புரிதலை, அதற்கு அடுத்தும் வைத்திருப்பது சிந்தனைக்குரியது. நீதியின்மேல் எழுவதே நன்மை.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். அரசின் கருவூலம் அள்ள அள்ளக் குறையாத ஊற்றன்று. வீண்விரயத்தை மார்க்கமும் வெறுக்கிறது. பயனற்ற செலவை நிறுத்தும் அமைச்சர் பாராட்டுக்குரியவரே. ஆகவே சிக்கனம் என்ற சொல்லையே பகைப்பது நேர்மையன்று. ஒவ்வொரு சிக்கனத்தையும் இரண்டு கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். சுமை யார் தோளில் இறங்கியது? அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? தாங்க வல்லவர் தோளில், காரணம் சொல்லி இறக்கப்படுவது சிக்கனம். தாங்க இயலாதவர் தோளில், சொல்லாமல் இறக்கப்படுவது அமானத்தில் குறை.

கொடையும் பொதுநிதியும் பகையானவை அல்ல என்பதற்கு உத்தமபாளையத்தில் ஒரு சான்று நிற்கிறது. ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்கள் 1956இல் நிறுவிய ஹௌதியா கல்லூரி, பின்னர் அரசு உதவி பெறும் கல்லூரியாயிற்று. கொடையாளியின் கை வாசலைத் திறந்தது. அரசின் நிதி அதனைத் தாங்கத் துணைநின்றது. எல்லாச் சாதியினர்க்கும் சமயத்தினர்க்கும் பயன்படும் கல்விக்கூடம் கொடையால் பிறக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கொடையாலேயே நிற்பது அரிது. வள்ளல் மறைவார், அவர் மக்கள் நொடித்துப் போகலாம். பொதுநிதிக்கு அந்த முடிவு இல்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன இரண்டு. கொடுப்பதை நிறுத்தலாகாது; கேட்பதையும் நிறுத்தலாகாது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லையென்றால், பள்ளியில் ஆசிரியர் இடம் காலியென்றால், அங்கே எழுந்து கணக்குக் கேட்க எந்த ஊரார்க்கும் உரிமை உண்டு. ஜமாஅத்தின் வரவுசெலவை வரிவரியாகக் கேட்கும் நம் மக்கள், ஊராட்சியின் கணக்கு வாசிக்கப்படும் நாளில் வீட்டில் இருந்துவிடுகின்றனர். பென்னிகுயிக்கின் படத்துக்கு மாலையிடும் கை, அரசின் ஏட்டையும் புரட்டிப் பார்க்கட்டும். அவரைப் போன்ற இன்னொருவர் சொத்தை விற்க நேராதபடி பார்த்துக்கொள்வதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.