அமானிதமும் மாட்டுப்பட்டியும்

அரசாங்க மிருக வைத்தியரை எமது பட்டிக்காரர்கள் நம்புவதில்லை என்பது கிழக்கில் பழைய கதை. நம்பாததற்கு அவர்களிடம் காரணங்களும் உண்டு. என்னை உறுத்தும் கேள்வி வேறு. ஒருவரை நம்ப முடியாதபோது அவரிடம் பொய் சொல்ல எமக்கு உரிமை வந்துவிடுகிறதா? இதைத் தத்துவ நூல்களில் நான் தேடவில்லை. எனது மாமாவின் மாட்டுப்பட்டியில்தான் இது என்னைப் பிடித்துக்கொண்டது.

2014இல் நாட்டின் பல மாவட்டங்களில் கால்வாய் நோய் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் வட்டைப்பக்கம் அது வந்து சேர்ந்தபோது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமைகளே இருந்தன. மாமாவின் பட்டியில் நாற்பது உருப்படிகள் வரை நின்றன. ஒரு நாள் காலை இரண்டு பசுக்களுக்கு வாயில் நுரை தள்ளியது. குளம்பிடுக்கில் கொப்புளம் கண்டு நொண்டத் தொடங்கின. அதே பட்டியில் உழ்ஹிய்யாவுக்கென்று விலை பேசி வைத்திருந்த ஐந்து எருதுகளும் நின்றன. அவற்றில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை.

அன்று பின்னேரம் எனது தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மாமாவின் விபரத்தோடு எனது இலக்கத்தைத்தான் காரியாலயத்தில் கொடுத்திருந்தோம். பேசியவர் புதிதாக வந்திருந்த பெண் வைத்தியர். தமிழ் அவருக்குச் சரளமாக வராது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சமாளித்தேன். "உங்கள் பக்கத்துப் பட்டிகளில் வருத்தம் என்று கேள்விப்பட்டோம். உங்கள் மாமாவின் மாடுகள் எப்படி?" என்று கேட்டார். மாமா எனக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினார்.

"எல்லாம் சுகம்" என்றேன்.

மாமாவைக் கெட்டவர் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் தடுப்பூசிக் குழுவொன்று பட்டிக்கு வந்து போனது. அடுத்த கிழமையே கால்வாய் நோய் வந்து நான்கு கன்றுகள் செத்தன. மாமா மூன்று முறை காரியாலயத்துக்கு நடந்தார். முதல் நாள் வைத்தியர் வெளியில் போயிருந்தார். இரண்டாம் நாள் வாகனம் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் புத்தகமொன்றில் பெயரைப் பதிந்துவிட்டு அனுப்பினார்கள். ஒருவரும் வரவில்லை. "ஊசி போட வழி தெரிஞ்சவனுகளுக்குச் செத்த கண்டைப் பார்க்க வழி தெரியல்ல மருமகன்" என்பார் மாமா. இந்த வசனத்துக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் பட்டியை மூடுவார்கள், பெருநாள் வியாபாரம் போய்விடும் என்ற பயமும் இருந்தது. படித்தவனாகிய நான் அதற்கு மார்க்க நியாயமும் கண்டுபிடித்தேன். வெளிப்படையாக நோயுற்ற பிராணிதான் உழ்ஹிய்யாவுக்குக் கூடாது, இந்த எருதுகளில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நானே வகுப்பில் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. வரவிடவில்லை என்பதே சரி.

எருதுகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஒருவர், வீட்டில் இடமில்லாததால் தனது எருதைப் பக்கத்து வளவில் இரண்டு நாள் கட்டினார். அந்த வளவு கணவனை இழந்த ஒரு தாயுடையது. அவரிடம் ஒரு கறவைப் பசுவும் கன்றும் இருந்தன. அவருடைய மகள் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தாள். கால்வாய் நோய்க் கிருமி வெளி அடையாளம் தெரிவதற்கு முன்பே மற்ற மாட்டுக்குத் தொற்றக்கூடியது. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் தப்பிவிடும். பால் வற்றும், உடல் மெலியும். இளங்கன்றுகளில் அது இதயத்தைத் தாக்குவதால் நின்ற நிலையிலேயே விழுந்து சாகும். அந்தக் கன்றும் அப்படித்தான் செத்தது. பசுவின் பால் நின்றது. பால் காசில் கொப்பி வாங்கிய பிள்ளை இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை.

நான் விசாரிக்கப் போனேன். அந்தத் தாய் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "ஊசி போட்டிருந்தாத் தப்பியிருக்கும் எண்டு டொக்டரம்மா செல்றாங்க மாஸ்டர். ஊசிக்கு ஆக்கள் வந்த நேரம் நான்தான் வேணாமெண்டு அனுப்பினன். உங்கட மாமாதான் ஊசி போட்டா வருத்தம் வருமெண்டு சென்னாரு. மாடு அறிஞ்ச மனிசன் சென்னாச் சரிதானே எண்டு நம்பினன்" என்றார்.

அதுவரை நான் வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்தேன். எமது மக்களிடம் நம்பிக்கை குறைந்துவிட்டது, அரசாங்கம்தான் அதைக் கெடுத்தது என்பது எனது முடிவு. அந்தத் தாயின் வார்த்தையில் அது உடைந்தது. நம்பிக்கை குறையவில்லை, இடம் மாறியிருந்தது. காரியாலயத்தை விட்டு அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தது. மனிதன் எவரையும் நம்பாமல் ஒரு நாளும் வாழ முடியாது. மாடு நோய்ப்பட்டவர் வைத்தியரை நம்பாவிட்டால் மாட்டுக்காரரை நம்புவார், இல்லையென்றால் சந்தையில் கேட்ட கதையை நம்புவார். வைத்தியரிடம் வாகனம் ஏன் இல்லை, ஏன் வரவில்லை என்று நாம் கணக்குக் கேட்கிறோம். அவர் இழந்த நம்பிக்கையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்ட எங்களிடம் கணக்குக் கேட்க எவருமில்லை.

ஈமான் என்ற சொல்லும் அமானத் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நாம் அமானிதம் என்று சொல்லும்போது ஒருவர் பாதுகாக்கத் தந்த நகையையோ பணத்தையோதான் நினைக்கிறோம். ஒருவர் எமது சொல்லை நம்பித் தனது பசுவுக்கு ஊசி போடாமல் விடுவதும் அமானிதம்தான். அதற்கு ரசீது இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்வதால் அதிகாரிகளின் கடன் தீர்ந்துவிடாது. பிறகு ஒரு நாள் அந்த வைத்தியரிடம் நேரில் போய் நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, களைத்துப் போயிருந்தார். மாமாவின் நான்கு கன்றுகளைப் பற்றிக் கேட்டேன். ஊசியின் பாதுகாப்பு உடலில் உருவாக ஒன்றிரண்டு கிழமைகள் செல்லும், கிருமி ஏற்கெனவே உள்ளே புகுந்திருந்தால் ஊசி போட்ட பிறகும் நோய் வெளிப்படும், அதைத்தான் சனங்கள் ஊசியால் வந்தது என்கிறார்கள் என்று விளக்கினார். ஐந்து நிமிடம் கூடச் செல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அன்றே யாராவது செத்த கன்றுகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று செலவழித்திருந்தால், மாமா அந்தத் தாயிடம் வேறு புத்தி சொல்லியிருப்பார். ஊசி போடுவது பாதிக் கடமை. தவறியபோது வந்து முகம் காட்டிக் காரணம் சொல்வது மறு பாதி. புராத் நதிக்கரையில் ஓர் ஆடு வீணாகச் செத்தாலும் தன்னிடம் கேள்வி கேட்கப்படும் என்று உமர் (ரழி) அஞ்சியதாகச் சொல்வார்கள். ஆட்சியில் இருப்பவருக்கு அதை விடப் பெரிய பாடம் தேவையில்லை.

காரணம் சொல்லாத இடத்தில் உண்மையும் செல்லாக்காசாகிவிடுகிறது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. இறைச்சி கொண்டுசெல்வதைத் தற்காலிகமாகத் தடுத்து, மாதிரிகளைப் பரிசோதித்து, தொற்றுநோய் அல்ல, குளிர்தான் காரணம் என்று அறிவித்தார்கள். எங்கள் கடைத்தெருவில் அதை நம்பியவர்கள் சொற்பம். "எதையோ மறைக்கானுகள்" என்றார்கள். மறைத்துப் பழகியவர்களுக்கு எல்லோரும் மறைப்பதாகவே தோன்றும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நானும் அங்கே நின்றேன்.

'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், வருவது வரும்' என்று சிலர் இந்த விவகாரத்தை முடித்துவிடுவார்கள். நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகத்தோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லித் தந்த மார்க்கம் எமது மார்க்கம். ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அங்கே நுழையாமல் திரும்பினார். இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரழி) கேட்டார். ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உமர் (ரழி) உதாரணம் காட்டினார். எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிதான். ஆனால் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது மேய்ப்பவனின் கையில் இருக்கிறது.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். வைத்தியரை நம்பலாமா என்பது ஒரு கேள்வி. அவரிடம் உண்மை சொல்ல வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு அவருடைய நடத்தை பதில் சொல்லட்டும். இரண்டாவது எனது கடன். ஏனென்றால் நான் பொய் சொல்வது அவரைத் தண்டிப்பதற்காக என்றாலும், தண்டனை போய்ச் சேர்வது அவரிடம் அல்ல. அன்று அவருடைய சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. குறைந்தது ஒரு தாயின் பாலும் ஒரு பிள்ளையின் கொப்பியும்தான். செத்தது வாயில்லாச் சீவன்.

கன்றின் விலையை அந்தத் தாயிடம் அந்தக் கிழமையே கொடுத்தேன். உதவி என்று நினைத்து துஆச் செய்தார். அது உதவியல்ல, கடன் என்று சொல்ல எனக்கு மேலும் ஒரு வருடம் எடுத்தது. சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இதை அண்டைக்கே டொக்டரம்மாட்டச் சென்னா என்ன மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.