ஆளிடமா, பதவியிடமா, பணியிடமா?

அதிகாரத்தில் இருப்பவரின் அருகில் அமர்ந்து பணியாற்றுபவர், தம்மை நம்பி அழைத்த தலைவரிடம் பற்று வைக்க வேண்டுமா, தாம் வகிக்கும் பதவியிடமா, அந்தப் பதவியால் நிறைவேற வேண்டிய பணியிடமா என்பது, அரசு அலுவலரும் அரசியல் உதவியாளரும் ஒருவராகவே அமையும்போது தவிர்க்க இயலாத கேள்வியாகிறது. இதை ஆராய, நியூயார்க் மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஸ்மித் ஆளுநராக இருந்த காலம் (1919–1920, 1923–1928) மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில நிர்வாகத்தை நடத்துபவர். பொறுப்பில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஸ்மித்தின் நம்பிக்கையைப் பெற்று உயர்ந்த மூவர், இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே மூன்று விடைகளை அளித்துச் சென்றனர்.

முதலாமவர் பெல் மாஸ்கோவிட்ஸ். உலகப் போருக்குப் பிந்தைய மாநிலச் சீரமைப்புக்காக 1919-இல் அமைக்கப்பட்ட குழுவின் செயலாளராக இருந்த அவர், சிதறிக் கிடந்த 180-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளைச் சில துறைகளாக ஒருங்கிணைக்கும் திட்டம் உருவாகத் துணைநின்றார். அத்திட்டத்தின் சாரம் 1925-இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு மாநில அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஸ்மித் ஆலோசனை நடத்தும் அறையில் அவர் ஓர் ஓரமாக அமர்ந்து பின்னல் வேலை செய்துகொண்டிருப்பார் என்றும், விவாதம் முடியும் தறுவாயில் ஸ்மித் அவர் பக்கம் திரும்பிக் கருத்துக் கேட்பார் என்றும் பதிவுகள் கூறுகின்றன. ஆயினும் 1928-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஸ்மித் தோற்றபின், புதிய ஆளுநரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஸ்மித் வற்புறுத்தியும் மாஸ்கோவிட்ஸைத் தம் செயலாளராக ஏற்கவில்லை. ஒருவரிடம் முழுமையாக வைத்த பற்று, அடுத்தவரின் அவையில் ஐயத்துக்குரியதாகிவிட்டது.

அதே சீரமைப்புக் குழுவில் பணியாற்றிய ராபர்ட் மோசஸ், பதவியையே பற்றிக்கொண்டவர். எத்தேர்தலிலும் வெல்லாத அவர் ஒரே காலத்தில் 12 பொறுப்புகள் வரை வகித்தார். பாலச் சுங்கத்தால் தனி வருவாய் ஈட்டிய ஆணையங்களின், அதாவது சட்டமன்றம் ஒதுக்கும் நிதியை நம்பியிராத அரசு நிறுவனங்களின், துணையோடு ஆளுநர்கள் பலர் மாறியும் நிலைத்தார். பூங்காக்களும் கடற்கரைகளும் அவரால் மக்களுக்குக் கிடைத்தன. ஆனால் நெடுஞ்சாலைகளுக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, வீடிழந்தோரின் குரல் எட்டாத உயரத்தில் அவர் இருந்தார். பதவி விலகுவதாக மிரட்டியே காரியம் சாதித்துவந்த அவரது விலகலை 1962-இல் ஆளுநர் ராக்ஃபெல்லர் ஏற்றுக்கொண்டுவிட, மாநிலப் பொறுப்புகள் கைவிட்டுப் போயின.

மூன்றாமவர், பணியையே பற்றிக்கொண்ட ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். 1911 மார்ச் 25 அன்று ஒரு தையற்கூடத் தீயில் 146 பேர் மாண்டதை நேரில் கண்ட அவர், அதையடுத்து அமைந்த விசாரணைக் குழுவின் உறுப்பினர்களை ஆலை ஆலையாக அழைத்துச் சென்றார். ஓரிடத்தில், தீ விபத்தில் தப்பும் வழி என்று சொல்லப்பட்ட சுவர்த் துளைக்குள் குழுத் தலைவரான ராபர்ட் வாக்னரையே ஊர்ந்து போகச் செய்தார்; வெளியே இருந்தது பனி உறைந்த இரும்பேணி, அதுவும் தரைக்கு 12 அடி உயரத்திலேயே முடிந்துபோனது. ஏட்டில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதைச் சட்டம் இயற்றுபவரை உடலாலேயே உணரவைத்த செயல் அது. ஸ்மித் 1919-இல் அவரை மாநிலத் தொழில் ஆணையத்தில் நியமித்தார். மாஸ்கோவிட்ஸை ஏற்க மறுத்த ரூஸ்வெல்ட்டோ 1929-இல் இவரை மாநிலத் தொழிலாளர் துறைக்கே தலைவராக்கினார்.

இதனால் தலைவரிடம் வைக்கும் பற்று தேவையற்றது என்று முடிவு கட்டுவது மாஸ்கோவிட்ஸுக்கு இழைக்கும் அநீதியாகும். தலைவரின் நம்பிக்கையின்றி எந்த உதவியாளராலும் எதையும் சாதிக்க முடியாது. பெர்கின்ஸும் அந்த நம்பிக்கையைப் பெற்றே செயல்பட்டார். வேறுபாடு, அந்த நம்பிக்கை எதற்காகப் பயன்பட வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டதில் இருக்கிறது. 1933-இல், குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ரூஸ்வெல்ட் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தபோது, குறைந்தபட்ச ஊதியம், வேலைநேர வரம்பு, முதியோர் காப்பீடு, குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்பு எனத் தாம் செய்ய விரும்புவனவற்றைச் சொல்லி, அவற்றுக்கு ஆதரவு உண்டா என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அவர் இசைந்தார். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இன் நியாயத் தொழிலாளர் தரச் சட்டமும் அந்த உரையாடலின் தொடர்ச்சியே. ஆகவே, அதிகாரத்தின் அருகே செல்லும் எவரும் பதவியை ஏற்குமுன், எதற்காக ஏற்கிறோம் என்பதைத் தலைவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்; அதை ஏற்காத தலைவரிடம் பெறும் பதவி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதை மறுப்பதே தமக்கும் மக்களுக்கும் நேர்மையாக இருப்பதாகும்.