சுவருக்குள் ஒரு பெயர்

1980-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘அட்வெஞ்சர்’ எனும் வீடியோ விளையாட்டில், களவுபோன மந்திரக் கிண்ணத்தை மீட்பதே கதை. கதைக்குத் தேவைப்படாத, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சாம்பல் நிறப் புள்ளி ஒன்றும் அதில் உண்டு. வேறு சில பொருள்களுடன் அதனை உரிய இடத்தில் சேர்த்தால் சுவர் வழிவிடும். உள்ளே, அதனை ஆக்கிய வாரன் ராபினெட்டின் பெயர் ஒளிரக் காண்கிறோம்.

ஆக்கியோர் பெயரை அந்நிறுவனம் அந்நாளில் வெளியிடுவதில்லை. அவரோ சம்பளம் பெற்றார், பெயர் பெறவில்லை. அவர் பணியிலிருந்து விலகிய பின்னரே இம்மறைவு வெளிப்பட்டது.

முதலாளி அறியாமல் ஒளித்தது முறையா? குறை உண்டெனினும், ஒளிக்கும் நிலையை உண்டாக்கியோரே முதலில் விடை கூற வேண்டும். கூலி உழைப்புக்கு ஈடாகலாம். ‘இது என் கையால் ஆயிற்று’ எனும் உரிமைக்கு ஈடாகாது. பிறர் உழைப்பை நுகரும் நாம் அவர்தம் பெயரைக் கேட்டறிவது உபசாரமன்று, நீதியின் கடனே.