பூ இருக்குல்ல?

டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களை மலாயில் 'புங்கா' என்பார்கள். பூ. அப்பாவுக்கும் அது பூதான். அவருடைய மோட்டாரைக் குனிந்து பார்த்து நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "பூ இருக்குல்ல, அப்புறம் என்னடா?" என்று உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அவர் போடுவது 'செலுப்' டயர். தேய்ந்துபோன பழைய டயரின் மேல் புது ரப்பரை ஏற்றி, புது டயரின் விலையில் பாதிகூட வாங்காமல் விற்பார்கள். பார்க்கப் பூ நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் உடம்புக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது.

போன ஆண்டு நான் என் காருக்கு நான்கு டயர் வாங்கினேன். அவற்றில் பூ மிகக் குறைவு. குறைவாக இருப்பதற்காகவே கூடுதல் காசு கொடுத்தேன். இந்தக் கட்டுரை அந்தக் காசைப் பற்றியது.

கார், புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. 1998இல் வந்தது. அப்போது எனக்கு ஒரு வயது. 1.8 லிட்டர் இன்ஜின், 140 குதிரைத்திறனைத் தொட்டும் தொடாத சக்தி, ரெக்காரோ இருக்கைகள். 1996இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்ததன் பலன் இந்தக் காரின் முதுகில் ஒட்டியிருக்கிறது: 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்'. ஜாசின் பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் கிராணியின் மகன் ஒன்று வைத்திருந்தார். மஞ்சள் நிறம். அது செம்மண் சாலையில் வரும்போது பையன்கள் எல்லோரும் பந்தை விட்டுவிட்டு நிற்போம். டுரியான் துங்கலில் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் அந்தச் சத்தம் என் காதில் இருந்தது. வேலைக்குப் போய் ஐந்தாம் வருடம், நாலு கை மாறிய ஒரு ஜிடிஐ எனக்குக் கிடைத்தது. அப்சோர்பர் நாலும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. டயர் வழுக்கை. இருக்கைத் துணி கிழிந்திருந்தது. கையில் மிச்சம் ஆறாயிரம் வெள்ளி.

கீழே ஒன்று, காலில் ஒன்று, உள்ளே ஒன்று என்று மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் தூங்கினேன்.

உள்ளே என்பது சீக்கிரம் முடிந்தது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் எடை குறையும் என்று கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா, "மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குப் போறப்ப நான் எங்க உக்கார்றது, உன் மடியிலயா?" என்றார். இருக்கை அங்கேயே இருக்கிறது.

கீழே என்பதில்தான் என் படிப்பு எனக்குத் துணை வரவில்லை. ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது அப்சோர்பர். இரண்டுக்கும் இறுதி நோக்கம் ஒன்றுதான்: டயர் சாலையை விட்டு எழாமல் இருப்பது. ஸ்பிரிங்கை மிகவும் இறுக்கினால் பந்தயத் தளம் போன்ற வழவழப்பான சாலையில் கார் கத்தி மாதிரி திரும்பும். மேடுபள்ளமான சாலையில் அதே டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். துள்ளும் நேரத்தில் அதற்குப் பிடிப்பு இல்லை. லோட்டஸ்காரர்களின் பழைய வழி, ஸ்பிரிங்கை அளவாக இளக்கமாக விட்டு, அப்சோர்பரைக் கவனமாகக் கட்டுவது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையில் ஒரு செட்டை வாங்கி, காரை இரண்டு விரல் இறக்கி, இறுக்கிவிட்டேன். லோட்டஸ் பெயருக்காக வாங்கிய காரில் லோட்டஸ் செய்த வேலையைக் கழற்றித் தூக்கிப் போட்டேன். ஏன்? இறங்கி நிற்கிற கார் அழகாக இருந்தது. அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

காலில் போட்டது செமி-ஸ்லிக். பந்தயத் தளத்துக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கிற ஜாதி. ரப்பர் மென்மையானது, சூடேறினால் ஒட்டும். பள்ளங்கள் குறைவு என்பதால் சாலையைத் தொடும் பரப்பு அதிகம். ஆனால் பள்ளம் இருப்பது தண்ணீர் வெளியேறத்தான். அது குறைந்தால் தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கும். கடையில் தவுக்கே மலாயில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஹூஜான்?" மழை? நான் சிரித்தேன். மழையில் மெதுவாகப் போவேன் என்றேன். அவரும் சிரித்துவிட்டு ரிம்மைக் கழற்றப் போய்விட்டார்.

மலாக்காவில் மழையைத் தள்ளிவைத்துவிட்டு டயர் வாங்கினேன் என்பதை எழுதும்போதே கூசுகிறது.

ஜாசினிலிருந்து ஆசஹான் போகும் வழியில் ஒரு மாலை. நாலரை மணி மழை விட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். எழுபதில் போனேன். நிஜமாகவே மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டுதான் போனேன். செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து மண்பாதையில் ஒரு மோட்டார் ஏறியது. வயதானவர் ஒருவர், பின்னால் அவர் மனைவி, இருவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பை. பிரேக்கை மிதித்தேன். கார் குறையவில்லை. ஸ்டீரிங் திடீரென்று எடை இழந்தது. பிறகு சாலையில் இருந்த ஒட்டு ஒன்றில் துள்ளி, பக்கவாட்டில் நழுவி, அவர்களை ஒரு கை அகலத்தில் கடந்து நின்றது. அவர் புல்லில் இறக்கி நிறுத்திவிட்டார். பை விழுந்து கத்தரிக்காய்கள் உருண்டிருந்தன. நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். கை நடுங்கியது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரோடு வழுக்குது தம்பி. பாத்துப் போங்க" என்றார்.

சாலையின் மேல் பழியைப் போட்டார். ரோடு இல்லை ஐயா, என் டயர் என்று நான் சொல்லவில்லை. ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

நண்பனிடம் சொன்னபோது, "ஒன்னும் ஆகலல்ல, விடு மச்சான்" என்றான். நியாயமான பேச்சுதான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த 'ஆகவில்லை'யில் என் பங்கு என்ன? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'தார்மீக அதிர்ஷ்டம்' என்ற ஒன்றைப் பற்றி விவாதித்தார்கள். நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவந்து அவர் லாரியில் அடிபட்டு இறந்தால், வாழ்நாள் முழுக்கத் தன்னைக் குற்றவாளியாகவே பார்ப்பார், நாமும் அப்படியே பார்ப்போம். குழந்தை வராவிட்டால் அது சின்ன அலட்சியம், அவ்வளவுதான். இரண்டு லாரியிலும் அலட்சியம் ஒன்றே. வேறுபாடு குழந்தை வந்ததா இல்லையா என்பது மட்டும். அது ஓட்டுநரின் கையில் இல்லை. நம் கையில் இல்லாத ஒன்றை வைத்து ஒருவரைக் கூடவோ குறைவாகவோ குற்றவாளி என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது என்றுதான் அறிவு சொல்கிறது. சொல்லாமல் இருக்க மனதால் முடிவதில்லை. நேகல் இந்த முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று தெளிவானது: என் தப்பை நான் தேட வேண்டிய இடம் ஆசஹான் சாலை இல்லை, டயர் கடை. அந்த மாலை என் கால் தாமதிக்கவில்லை, கண்ணும் சரியாகத்தான் பார்த்தது. சாலையில் நான் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எல்லாம் ஏசி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, 'ஹூஜான்?' என்ற கேள்விக்குச் சிரித்தபோதே முடிந்துவிட்டது. சட்டப்படி அந்த டயரில் குறையே கிடையாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதுதான் விதி, என்னுடையது தாராளமாகத் தேறும். விதி அளப்பது டயரை. எந்த மாதத்தில், எந்தச் சாலையில், யார் குறுக்கே வரக்கூடிய இடத்தில் அதை ஓட்டப்போகிறேன் என்பதை அளக்க அதனிடம் குச்சி இல்லை.

அப்படியானால் மழைக்கு ஏற்ற நல்ல டயரைப் போட்டால் கணக்கு தீர்ந்ததா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மியூனிக் டாக்சிக் கதையைப் படித்தேன். 1980களில் அங்கே ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பிரேக் பொருத்தினார்கள், மீதிக்கு இல்லை. மற்றபடி ஒரே மாதிரிக் கார்கள். மூன்று ஆண்டுகள் கவனித்ததில் விபத்துகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நல்ல பிரேக் கிடைத்தவர்கள் இன்னும் வேகமாகத் திரும்பினார்கள், முன்னால் போகும் காரை இன்னும் ஒட்டிப் போனார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். இதை வைத்து, பாதுகாப்புக் கருவியே வீண் என்று சொல்வது அபத்தம். பெல்ட்டும் ஹெல்மெட்டும் உயிர் காக்கின்றன. ஆனால் என்னைப் பற்றி அந்தக் கதை சரியாகச் சொல்கிறது. பிடிப்பு கூடினால் நான் வளைவில் பத்து கிலோமீட்டர் கூட்டுவேன். என் பயம் ஒரே அளவில் இருக்கும். எனக்கு முன்னால் வருகிறவருக்கான ஆபத்து மட்டும் கூடும்.

அந்தக் கணக்கில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. என்னைச் சுற்றி இரும்பு, பெல்ட், ரெக்காரோ. அவரைச் சுற்றிச் சட்டை. மலேசியச் சாலைகளில் 2023இல் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மிக அதிகமானோர் மோட்டாரில் போனவர்கள். காலையில் ஆலைக்குப் போகிற என் அப்பா அந்தக் கூட்டத்தில்தான் கலந்து போகிறார், செலுப் டயரோடு. மகன் பிடிப்பின் நுட்பங்களை ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருந்த அதே வீட்டில், கீழே வாசலில், அந்த மோட்டார் நின்றுகொண்டிருந்தது.

டயரைப் பற்றி யோசித்தால் பாட்டியைத் தாண்டிப் போக முடிவதில்லை. மலாயாவில் வணிக நோக்கில் முதல் ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896இல், டான் சாய் யான் என்பவரால். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு ஒரு காரை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். அடுத்து புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டம் வந்தது. பாட்டி அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கு, கையில் உளி, தோளில் காண்டா வாளி. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லாவிட்டால் கூலி இல்லை. மழையை மறந்து ஒரு நாளைக்கூட அவர் திட்டமிட்டிருக்க முடியாது. இதை வைத்து உருக எனக்கு விருப்பமில்லை, ஒரு தொழில்நுட்பத் தகவலை மட்டும் சொல்கிறேன்: இன்றைய கார் டயரில் சாலையைத் தொடும் மேல்பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பர். மரத்துப் பால் அதிகம் போவது பக்கச் சுவருக்கும் உள்ளுடம்புக்கும். வளைந்து வளைந்து நிமிர்கிற, யாரும் குனிந்து பார்க்காத பகுதிக்கு.

இப்போது காரை ஒரு விரல் உயர்த்தி, இளக்கமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். டயர் சாதாரணமானது, நிறையப் பூ. பொய் சொல்லக்கூடாது: காரில் சுகம் குறைந்துவிட்டது. பழைய டயரில் ஆயர் குரோ வட்டத்தைச் சுற்றி வரும்போது இருந்த அந்தக் கூர்மை இல்லை. அந்த இன்பத்தை நான் பாவம் என்று நினைக்கவும் இல்லை. பதிலுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. இந்த டயர் கைவிடுவதற்கு முன்னால் முனகுகிறது. ஸ்டீரிங்கில் அது தெரிகிறது. செமி-ஸ்லிக் ஈரத்தில் கடைசி நொடி வரை ஒன்றும் சொல்லாது.

அப்பாவுக்கும் இரண்டு புது டயர் வாங்கினேன். கேட்காமல் மாற்றிவிட்டதில் அவருக்குக் கோபம். "பழசுல இன்னும் பூ இருந்துச்சு, தெண்டச் செலவு" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றிய செலுப் டயர்களைத் தூக்கிப் போட விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் என் செமி-ஸ்லிக் நான்கின் மேல் அடுக்கி வைத்திருக்கிறார்.

அந்த நான்கையும் விற்கலாம் என்று நண்பர்கள் குழுவில் படம் போட்டேன். மூன்றில் ஒரு பங்குகூடத் தேயவில்லை, நல்ல விலை வரும், எனக்கும் காசு தேவை. தம்பினிலிருந்து ஒரு பையன் தொடர்புகொண்டான். கல்லூரி மாணவன், வயது இருபது இருக்கும். ரிம் அளவு கேட்டான், தயாரித்த ஆண்டு கேட்டான், "கிரிப் எப்படிண்ணே?" என்று கேட்டான். சூப்பர் என்று தட்டினேன். மழையைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு நானே எழுதினேன், மழையில் ஆகாது, எனக்கே ஒரு தடவை நழுவியது என்று. 'பரவால்லண்ணே, மழையில மெதுவா போவேன்' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிப்பு.

சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.