பார்த்தவனுக்கு உள்ள கடன்

அழகான ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட நமக்கு உரிமை உண்டா? சிவகாசிக்காரனுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: உங்கள் ஊரில் இத்தனை பேர் கருகிச் சாகிறார்களே, அந்த வெடியைக் கொளுத்தி எப்படி மனசாரச் சிரிக்க முடிகிறது? பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதைத் தட்டிக்கழிக்க மனம் வந்ததில்லை. போன மார்கழியில் துபாயில் ஒரு பகல் முழுக்க அந்தக் கேள்வி என்னோடேயே சுற்றியது.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகள் எங்களுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். போர்ட் ராஷிதிலிருந்து மறுநாள் கப்பல். முந்தின நாள் ஊர் பார்க்க. காலையில் ஜுமைரா பள்ளிவாசல். மற்ற மதத்தவரையும் உள்ளே அழைத்து, கம்பளத்தில் உட்காரவைத்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறார்கள். நல்ல வழக்கம். நம் கோயில்களிலும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை.

பிறகு புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர், 2004-இல் தொடங்கி 2010 ஜனவரி 4-இல் திறந்தார்கள். 124-ஆவது மாடிக்கு லிப்ட் ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. காது அடைத்தது. கீழே சாலை, கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை மணல். மழை மறந்த பூமி. எங்கள் கந்தக பூமியும் மழை பொய்த்ததால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று தீக்குச்சிக்கும் வெடிக்கும் அச்சுத்தாளுக்கும் தோதாக அமைந்தது.

அந்தக் கோபுரத்தைக் கட்டிய விதத்தை மகள் படித்துச் சொன்னாள். கோடைப் பகலில் கான்கிரீட் போட்டால் சூட்டில் சீக்கிரம் இறுகி விரிசல் விடும். அதனால் ராத்திரியில், ஐஸ் கலந்து போட்டார்களாம். எனக்கு மருந்துக் கலவை அறை ஞாபகம் வந்துவிட்டது. எங்களிடமும் விடியற்காலையில்தான் கலவை. வெயில் ஏறுமுன் அன்றைக்கு வேண்டியதைக் கலந்து, அன்றைக்கே அடைத்து முடித்துவிட வேண்டும். மீந்த மருந்து ராத்தங்கக் கூடாது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது. இவ்வளவு பக்குவமும் வானத்தில் சில விநாடி விரியும் ஒரு பூவுக்காக.

என் மனைவி திருச்சுழிக்காரி. ரமணர் பிறந்த ஊர். 1896-இல் திருவண்ணாமலைக்குப் போனவர் 1950-இல் சமாதியாகும்வரை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கண்ணாடிச் சுவரோரம் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: “சாமி ஒரே மலையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாம ஒரு நாளைக்குள்ள ஊரையே பாத்துரணும்னு அலையிறோம். போதுங்க, எறங்குவோம்.”

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. பார்க்கிறவன் யார் என்று உள்ளே திரும்பிக் கேட்கச் சொன்னவர் ரமணர். நான் அதை மதிக்கிறேன். ஆனால் என் தொழில் எனக்கு இன்னொரு கேள்வியையும் கற்றுக்கொடுத்திருக்கிறது: செய்தவன் யார்? காட்சியெல்லாம் மாயை என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் செய்த கைகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். ரமணர் அப்படிச் செய்யவில்லை. ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார், இலை தைத்தார். கைவேலை என்னவென்று தெரிந்த ஞானி அவர்.

சாயங்காலம் பழைய ஊர்ப்பக்கம் போனோம். க்ரீக்கைக் கடக்க அப்ரா என்ற மரப்படகு. ஆளுக்கு ஒரு திர்ஹம். நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர் திரும்பினார். “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” அவருக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். இப்போது ஒரு கடையில் வேலை. முன்பு அந்தக் கோபுரத்தில் கம்பி கட்டினவர். அங்கே உச்சத்தில் 12,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் நம் துணைக்கண்டத்து ஆட்கள். 2006 மார்ச்சில் கூலி போதவில்லை என்று அவர்கள் வேலையை நிறுத்திக் கலகம் செய்ததும் உண்டு. அதையெல்லாம் அவர் பேசவில்லை. நாங்கள் மேலே ஏறினதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏறிப் பாத்தீங்களா? நல்லா இருக்கா?”

அந்தக் கேள்வியை நான் வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். தீபாவளி ராத்திரி எங்கள் ஊர்ப் பெண்கள் மொட்டைமாடியில் நின்று, எந்த ஷாட் எந்தக் கம்பெனி என்று நிறத்தை வைத்தே சொல்வார்கள். தாங்கள் அடைத்த ரகம் சரியாக விரிந்துவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பார்க்க மாட்டேன், ரசிக்க மாட்டேன் என்று விரதம் இருப்பதால் உழைத்தவனுக்கு ஒரு புண்ணியமும் இல்லை. புகைக்காக, முதியவர்களுக்காக, நாய்பூனைகளுக்காக வெடிக்காமல் இருப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடுத்து, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததும் காற்றுக்காகத்தான். உழைத்தவன் பேரைச் சொல்லி மகிழ்ச்சியை மறுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அவன் கேட்பது, நல்லா இருக்கா என்று.

ஆனால் செத்தவன் அதைக் கேட்க முடியாதே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நாற்பது பேர் வரை மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். இதற்கெல்லாம் விதி என்று பெயர் சொன்னால் எனக்குக் கோபம் வரும். காரணத்தைத் தொழில் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். கடைக்காரன் விலையை அடிக்கிறான். ஆலை உள்குத்தகைக்குப் போகிறது. குத்தகைக்காரன் நாலு பேர் அறையில் பத்துப் பேரை உட்காரவைக்கிறான், இடம் போதாமல் மரத்தடியிலும் மருந்து அடைக்கிறார்கள். பீஸ் ரேட் கூலி கையை விரட்டுகிறது. இந்தச் சங்கிலியின் ஒரு முனை மருந்து அறையில் இருக்கிறது என்றால், மறுமுனை பேரம் பேசுகிற நம் கையில் இருக்கிறது. கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதை இஸ்லாம் கடமையாகச் சொல்கிறது. செய்ந்நன்றி மறப்பதற்கு மீட்சியே இல்லை என்பதை நம் பிள்ளைகள் குறளில் படிக்கிறார்கள். பார்த்து மகிழ்கிறவன் கடன்பட்டவன். அந்தக் கடனை நியாயமான விலையாகவும், விதி மீறாத ஆலையிலிருந்து மட்டும் வாங்குவது என்ற பிடிவாதமாகவும் அடைக்க வேண்டும்.

இன்னொரு கடனும் பாக்கி இருக்கிறது. நம் தென்மாவட்டங்களில் அகாலத்தில் இறந்தவர்களை அப்படியே விட்டுவிடுவதில்லை. கல் நட்டு, பெயர் சொல்லி, வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிறோம். நாம் கும்பிடுகிற எத்தனையோ சாமிகள் ஒரு காலத்தில் அநியாயமாகச் செத்த மனிதர்கள்தான். பட்டாசு வேலையில் இறந்த ஒவ்வொருவர் பெயரும், அவரவர் ஊர்ப்பெயரோடு, கல்லில் ஏற வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் வரிசையாக வெடி வாங்க வரும் சாத்தூர் ரோட்டிலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து அந்தக் கல்லை நிறுத்துங்கள் என்று ஆலை முதலாளிகளையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.