நடுவு என்பது எவ்விடம்?

அறம் இரு மிகைகளுக்கு இடையே நிற்கிறது என்று நாம் கற்றிருக்கிறோம். கோழைத்தனத்துக்கும் கண்மூடித் துணிச்சலுக்கும் இடையே வீரம். கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடையே ஈகை. கேட்பதற்கு எளிய போதனைதான். ஆனால் அந்த 'இடை' எங்கே இருக்கிறது? அளவுகோல் வைத்து இரு கூறாகப் பகுத்தால் அது கிடைத்துவிடுமா? இதற்கு விடை தேட ஒரு பொழுதுபோக்கு நமக்குத் துணைசெய்கிறது.

தரையில் நின்றபடி ரேடியோ அலைகளால் இயக்கும் மாதிரி விமானத்தை முதன்முறை பறக்கவிடுமுன், அதன் எடைச் சமநிலையைச் சோதிப்பார்கள். எல்லா உறுப்புகளையும் பொருத்தியபின், இறக்கைகளின் அடியில் குறித்த இடத்தில் இரு விரல் நுனிகளால் அதைத் தாங்கிப் பார்ப்பார்கள். அது மட்டமாகவோ, மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். அந்தக் குறி இறக்கை அகலத்தின் நடுவில் இருப்பதில்லை. வழக்கமான பயிற்சி விமானங்களில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது அமைகிறது. அகலம் 24 செ.மீ. என்றால், 6 முதல் 8 செ.மீ.க்குள். கணக்குப்படி நடுவான 12 செ.மீ.யில் சமன் செய்தால், அது பெரும்பாலும் தரையில் மோதி நொறுங்கும்.

மேலும், இருபக்கப் பிழைகளும் ஒத்தவை அல்ல. மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாகத் தரையிறங்கும், ஆயினும் ஓட்டுபவனுக்குக் கட்டுப்படும். வால் கனத்ததோ, சிறு அசைவுக்கும் துள்ளி, மூக்கை உயர்த்தி, வேகம் இழந்து வீழும். கைத்திறன் மிக்கவரும் அதைக் காப்பது அரிது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலில் கூறியதும் இதுவே அன்றோ? அறத்தின் நடு, எண்கணிதத்தின் நடு அன்று. அது ஆளுக்கு ஏற்ப அமைவது. மைலோ என்னும் மல்லனுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகையாகும். இரு மிகைகளில் ஒன்று மற்றதைவிடக் கேடானது. அதிலிருந்தே நாம் அதிகம் விலக வேண்டும். கோணிய மரத்தை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்துவது போல, நம் இயல்பு சாயும் திசைக்கு எதிராக நம்மை இழுக்க வேண்டும் என்கிறார் அவர்.

குடிப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டு மீண்ட ஒருவரிடம், "அளவோடு குடித்தால் என்ன? எல்லாவற்றிலும் நடுநிலை வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருமண வீடுகளில் நாம் கேட்கும் பேச்சுதான் இது. மற்றவருக்கு நடுவாகத் தோன்றும் அந்த ஒரு கிண்ணம், அவருக்கு வாலில் ஏற்றிய பாரம். முற்றிலும் மறுப்பதே அவருக்குரிய நடு. அதைத் தீவிரவாதம் என்று நகைப்பவர்கள், அவருடைய மனைவி மக்களின் வாழ்வோடு விளையாடுகிறார்கள்.

சமன் செய்யும் முறையும் சிந்திக்கத்தக்கது. முதலில் எடையைக் கூட்டுவதில்லை. உள்ளிருக்கும் பாட்டரியை முன்னே நகர்த்திப் பார்ப்பார்கள். அது போதாதபோதே மூக்கில் ஈயம் சேர்ப்பார்கள். 2 கிலோ எடையுள்ள விமானத்தின் ஈர்ப்பு மையம் 1 செ.மீ. பின்தங்கியிருந்தால், குறிக்கு 25 செ.மீ. முன்னால் 80 கிராம் ஈயம் வேண்டும். பறப்பதற்காகவே ஒரு பாரம்! ரைட் சகோதரர்களும், 1904இல் தம் இரண்டாம் விமானம் மேலும் கீழும் அலைபாய்வதைக் கண்டு, அதன் முன்பகுதியில் ஏறத்தாழ 70 பவுண்டு இரும்பை ஏற்றினார்கள். நம் வாழ்விலும் அப்படித்தான். நாளின் ஒழுங்கை மாற்றுவதும், மாலை வீடு திரும்பும் வழியை மாற்றுவதும் முதற்படி. அவை போதாவிடில், நண்பர் ஒருவருக்கு நாள்தோறும் கணக்குக் கொடுக்கும் பாரத்தையும் ஏற்கத்தான் வேண்டும்.

எரிபொருளால் ஓடும் மாதிரிகளில் கலம் காலியாக இருக்கும்போதே இச்சோதனையைச் செய்கிறார்கள். எரிபொருள் வழக்கமாக முன்பக்கத்தில் இருக்கும். அது தீரத் தீர வால் கனக்கும். தொடக்க நாள்களின் உற்சாகமும் பிறர் பாராட்டும் அத்தகையவையே. அவை தீர்ந்தபின் நம்மிடம் எஞ்சுவது எதுவோ, அதைக் கொண்டே நம் நடுவைக் கணிக்க வேண்டும்.

இவை யாவும் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை. அன்பு வாசகரே, உம் வால் எப்பக்கம் கனக்கிறது என்று, சோதனை வருமுன்பே விரல் நுனியில் தாங்கிப் பார்த்ததுண்டா?