பகடை உருளாத நேரம்

செஞ்சிக் கோட்டையை வைத்து ஒரு விளையாட்டு ஆடலாம், வாருங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், காசு வேண்டாம். மேஜையைச் சுற்றி நாலு பேர், ஒரு பகடை, கொஞ்சம் கற்பனை போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்.

'நடுராத்திரி. ராஜகிரி அடிவாரத்தில் நீ காவலுக்கு நிற்கிறாய். என்ன செய்யப் போகிறாய்?' என்பார் கதைசொல்லி. 'சுற்றுமுற்றும் தேடுகிறேன்' என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால், புதருக்குள் பதுங்கியிருப்பவன் கண்ணில் படுவான். சின்ன எண் விழுந்தால், வெறும் இருட்டு.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதில் ஒரு சிக்கல் உண்டு. காவல்காரன் எதையும் தேடவில்லை, சும்மா நிற்கிறான் என்று வையுங்கள். அப்போது எதிரி பதுங்கி வந்தால்? கதைசொல்லி 'பகடையை உருட்டு' என்று வாயைத் திறந்தால் போச்சு. 'ஓகோ, என்னவோ இருக்கு' என்று ஆடுகிறவர் உஷாராகிவிடுவார்.

இதற்குத்தான் 'பாசிவ் பர்செப்ஷன்' என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். தேடாமலே கண்ணில் படுகிற திறமைக்கு மார்க். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, பத்தோடு அந்தப் பாத்திரத்தின் கவனிக்கும் திறனைக் கூட்ட வேண்டும். சூழ்நிலை சாதகமென்றால் ஐந்து கூடும், பாதகமென்றால் ஐந்து குறையும். கதைசொல்லி அந்த எண்ணை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, உங்களைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுவார். பதுங்கி வந்தவனின் சாமர்த்தியம் அந்த எண்ணைத் தாண்டிவிட்டதா? நீங்கள் அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

'பகடை போட ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் நான் கோட்டை விட்டேன் என்று எப்படிச் சொல்லலாம்?' என்று சண்டைக்கு வருகிற ஆட்டக்காரர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அது மேஜையோடு முடிகிற கேள்வியும் இல்லை. தேடாதபோது தவறவிட்டதற்கு ஒருவன் பொறுப்பா?

பக்கத்து ஃபிளாட்டில் தனியாக இருக்கிற பெரியவர். மூன்று நாளாக வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறது. தினம் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறோம். விஷயம் வெளியே வந்த பிறகு, 'அடடா, கவனிக்கலையே!' என்கிறோம். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கவனிக்கவில்லை. அது மன்னிப்புக்குப் போதுமா?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் இருக்கும். 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய் மாதிரி, மோப்ப நாய் மாதிரி இல்லை என்று நீதிபதி சொன்னார். எல்லோரையும் திருடனாக நினைத்துத் துருவ வேண்டியதில்லை. ஆனால், சாதாரணத் திறமையும் கவனமும் உள்ள ஒருவர் கண்ணில் பட வேண்டியது படாமல் போனால், ஆடிட்டர் தப்ப முடியாது. அதாவது, சட்டமும் ஓர் எண்ணை நோட்டில் குறித்து வைத்திருக்கிறது!

இப்போது நிஜமான செஞ்சிக்கு வருவோம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு ஏறுகிற வழியில் ஆழமான பாறைப் பிளவு. அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை அசைக்க முடியாது. 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கானுக்குக் கோட்டை கிடைத்தது 1698-ல். அதற்குள் சிவாஜியின் மகன் ராஜாராம் வெளியேறிவிட்டார். கான் தெரிந்தே விட்டுவிட்டார் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது எந்த எண்ணுக்கும் அடங்காத தனி ரகம். அதை விட்டுவிடுவோம்.

அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் நல்ல பீரங்கி இருந்தது. எதிர்த்தரப்பில் முகமது அலியின் படை அப்போதுதான் தோற்றுச் சிதறியிருந்தது. எல்லாம் சரி. ஆனால் மலை அதே மலை, மதில் அதே மதில். மதிலுக்குக் கண் கிடையாது. கண் காவல்காரனுக்குத்தான்.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அசட்டையாக இல்லாமலிருப்பது என்று அர்த்தம். பயந்தவனுக்கு எப்படிக் கோட்டை உதவாதோ, அப்படியே அசட்டையானவனுக்கு நல்லது எதுவும் நிலைக்காது என்கிறார் அதில். அசட்டைக்கு உவமை தேடியவருக்குக் கோட்டைதான் ஞாபகம் வந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பொறுப்பு உண்டு. காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. அது பிறவியோடு மட்டும் வருவதில்லை. பயிற்சி ஏற ஏற எண்ணும் ஏறும். நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவர் யார் என்று கண்டக்டருக்குத் தானாகத் தெரிகிறது. 'என்னடா, முகம் வாடியிருக்கு?' என்று அம்மா கேட்பது தேடிப் பார்த்தா? இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த எண் அது. இன்றைக்குக் கண்ணில் படாதது, நேற்றெல்லாம் பார்க்கப் பழகாததன் பலன்.

அதே சமயம் அந்த மைனஸ் ஐந்தையும் மறக்கக் கூடாது. இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேனைத் திட்டுவதற்கு முன்னால், அவரை அப்படி உட்கார வைத்தது யார் என்று கேட்க வேண்டும். களைப்பும் இருட்டும் அவர் சம்பாதித்தது இல்லை. நமக்கு அந்தச் சலுகை கிடைக்குமா? எட்டு மணி நேரம் தூங்கி, காபி குடித்து, லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் செல்போனைப் பார்க்கிறோமே, அதற்கெல்லாம் மைனஸ் ஐந்து கேட்க முடியாது.

பரீட்சை என்றால் எல்லோரும் உஷார்தான். வாழ்க்கை 'இப்போது கவனி' என்று மணி அடித்துச் சொல்வதில்லை. பகடை உருண்டிருந்தால் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடலாம். உருளாத இடத்தில் யார் மேல் போடுவது?

இன்று படியிறங்கும்போது, பக்கத்து வாசலில் எத்தனை பால் பாக்கெட் கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.